பீடோர் வெள்ளமும் ஒரு வரித் தேதியும்

முதலில் மூன்று சிறு கோடுகள். அதற்குக் கீழே ஏழெட்டு வரிகள். மறுபடி மூன்று சிறு கோடுகள். என் உத்தியோகத்தின் பின்பாதி முழுவதும் இந்தக் கோடுகளுக்கு நடுவில்தான் கழிந்தது. என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், இணையப் பக்கங்களுக்குத் தலை எழுதினேன் என்பேன். தலையெழுத்தா என்று கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சொன்னது உண்மைதான்.

ஈப்போவில் ஒரு சிறுநீரக நல அமைப்பின் தகவல் பிரிவில் இருந்தேன். செமோர், பீடோர், சிலிம் ரிவர் என்று பேராக் மாநிலத்தில் பல இடங்களில் எங்களுக்கு ரத்தச் சுத்திகரிப்பு மையங்கள் இருந்தன. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறவளை அண்மையில் அங்கிருந்து அழைத்தார்கள். புது முறைக்கு மாறுகிறார்களாம். இனி யாரும் கையால் தலை எழுத வேண்டாம், திரையில் இருக்கும் கட்டங்களை நிரப்பினால் போதுமாம். மாற்றும்போது பழைய விதி ஒன்று குறுக்கே நின்றிருக்கிறது. தேதியோடு மலேசிய நேரம் என்ற குறிப்பு இல்லாத எந்தப் பக்கமும் வெளியே போகாது என்ற விதி. இதை யார் வைத்தது, எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். எடுக்காதீர்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். காரணம் தெரியாத விதி நெடுநாள் நிற்காது. அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது செமோருக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில். படிப்பு முடிந்ததும் ஈப்போவில் ஓர் அச்சகத்தில் எழுத்துக்கோக்கச் சேர்ந்தேன். கல்யாண அட்டை, நன்றி அறிவிப்பு, பள்ளி இதழ். அட்டையில் போட்ட தேதியும் கிழமையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. கணினி வந்தது, கற்றுக்கொண்டேன். அச்சகம் மூடப்பட்டது, இந்த அமைப்பில் தமிழ், மலாய், இங்கிலீஷ் என்று மூன்று மொழியிலும் தட்டச்சு செய்ய ஆள் தேடினார்கள், வந்தேன். என் பயிற்சிக்காலம் அவ்வளவுதான்.

அப்போது எங்கள் இணையதளம் பழைய மாதிரி. ஒரு நாள் காலை அதைத் திறந்தால் நோயாளிகளுக்கான உணவுக் குறிப்பு இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம். யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள். சரிசெய்தோம், மறுபடி புகுந்தார்கள். அதன்பிறகுதான் வெய் லூன் என்ற இளம் பொறியாளரை வேலைக்கு எடுத்தார்கள். அவர் இணையதளத்தையே தலைகீழாக மாற்றினார். ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. நாங்கள் கோப்பை அனுப்பினால், வெளிநாட்டில் எங்கோ இருக்கும் ஒரு சர்வர் எல்லாவற்றையும் படித்து, முழுத் தளத்தையும் புதிதாகக் கட்டி வெளியே வைக்கும். வெளியே இருப்பது வெறும் பக்கங்கள். புகுந்து கெடுக்க அதில் கதவே கிடையாது.

எந்தக் கோப்பு எங்கே போகவேண்டும் என்று சர்வரில் ஓடும் நிரலுக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் தலை. தலைப்பு, தேதி, மொழி, எந்த மையம், வரைவா வெளியிடத் தக்கதா, எதுவரை செல்லும். எல்லாம் கோட்டுக்கு நடுவே. படிக்கிறவர் கண்ணில் இது படாது. இங்கிலீஷில் ஃபிரண்ட் மேட்டர் என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் அது கெப்பாலா. மலாயில் தலை.

எனக்கு மேலே இருந்தவர் மிஸ்டர் குலசிங்கம். மிஸ்டர் குலா என்போம். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்று இங்கே வந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய குடும்பம். வீட்டுப் பேச்சை அவர் கடைசிவரை விடவில்லை. கணினியை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. பக்கம் எழுதி முடித்ததும் அவர் அறைக்குப் போய் நான் வாசிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். உள்ளே இருக்கும் செய்தியை அல்ல, தலையை.

“முதல் கெப்பாலாவை வாசியுங்கோ,” என்பார்.

தலைப்பு என்பேன், வாசிப்பேன். தலைப்பில் முக்காற்புள்ளி வந்தால் கையைத் தூக்குவார். கவனம் என்று எழுதி முக்காற்புள்ளி போட்டால் நிரல் குழம்பி நின்றுவிடும். மேற்கோள்குறிக்குள் போட்டிருக்கிறேனா என்று கேட்பார். பிறகு மொழி. தமிழ்ப் பக்கத்தில் மலாய் என்று இருந்தால் அது மலாய்ப் பக்கங்களின் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும், தமிழில் தேடுகிறவருக்குக் கிடைக்காது. பிறகு மையம், பிறகு தேதி. ஒரு வரிகூடத் தாண்ட விடமாட்டார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. செய்தியைப் படிக்காமல் தலையைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு முறை கேட்டேன்.

“உள்ளுக்க ஒரு எழுத்துப் பிழைச்சாலும் சனம் ஊகிச்சு வாசிக்கும்,” என்றார். “இது ஊகிக்காது. ஊகிச்சால் இன்னும் மோசம்.”

ஊகித்தால் என்ன ஆகும் என்பதைச் சீக்கிரமே பார்த்தேன். சிலிம் ரிவர் மையத்துக்கு யாருமே போன் செய்வதில்லை என்று அங்கிருந்த தாதி குறைப்பட்டார். பக்கத்தைத் திறந்து பார்த்தால் அவர்களுடைய எண்ணுக்குப் பதில் சம்பந்தமே இல்லாத வேறு எண். கோப்பைத் திறந்தால் எண் சரியாக இருக்கிறது. செமோர் எண்ணோ பக்கத்திலும் சரி, கோப்பிலும் சரி. எல்லா மையங்களின் எண்களையும் ஒரு தாளில் எழுதி எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தப்பாய் வந்த எதிலும் எட்டோ ஒன்பதோ இல்லை. சரியாய் வந்த எல்லாவற்றிலும் அந்த இரண்டில் ஒன்று இருந்தது. வெய் லூனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். பேராக் எண்கள் பூஜ்யத்தில் தொடங்குபவை. பூஜ்யத்தில் தொடங்கி, எட்டும் ஒன்பதும் இல்லாமல் இருந்தால், அது எட்டை அடிப்படையாக வைத்து எண்ணும் இன்னொரு முறை என்று நிரல் தானாக முடிவு செய்து, நம் முறைக்கு மாற்றிப் போட்டிருக்கிறது. மேற்கோள்குறிக்குள் வைத்ததும் சரியாகிவிட்டது. மிஸ்டர் குலா யாரையும் கடிந்துகொள்ளவில்லை. பக்கத்தை என்னை வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு எண்ணையும் தன் மேசைப் போனிலிருந்து தானே அழுத்தி, அந்தப் பக்கம் மையத்தின் பெயரைச் சொன்ன பிறகே அடுத்ததற்குப் போனார்.

அதற்கடுத்துத்தான் வாட்சப் தகராறு. பீடோரில் தண்ணீர் வெட்டு என்று முன்னொரு காலத்தில் நாங்கள் போட்ட அறிவிப்பை யாரோ எடுத்து நோயாளிகளின் குழுவில் பரப்பிவிட்டார்கள். அது பழசு என்று தெரியாமல் சிலர் சிகிச்சைக்கு வரவில்லை. ஒரு பெண்மணிக்கு நுரையீரலில் நீர் கோத்து மருத்துவமனையில் சேர்க்கும்படி ஆனது. சிறுநீரகம் நின்றவர்களுக்கு ஒரு தடவை தவறினாலும் ஆபத்து. மிஸ்டர் குலா அன்றே இரண்டு காரியம் செய்தார். கெப்பாலாவில் ‘எதுவரை’ என்ற வரி கட்டாயமானது. அந்த நாள் தாண்டினால் அறிவிப்பு தானே மறைந்துவிடும். இரண்டாவது, எல்லா மையத்திலும் மூன்று மொழியில் ஒரு தாளை ஒட்டச் சொன்னார்: போனில் வரும் செய்தியை நம்பாதீர்கள், எங்கள் பக்கத்தில் இருப்பதை மட்டும் நம்புங்கள்.

சனங்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். வேன் ஓட்டுபவர்கள், நோயாளிகளின் பிள்ளைகள், எல்லாரும் காலையில் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். ஒவ்வொரு மையத்தின் பக்கத்திலும் மேலே ஒரு வரி இருக்கும். அந்த மையத்துக்காக நாங்கள் கடைசியாகப் போட்ட அறிவிப்பைத் தேதியைப் பார்த்து நிரலே எடுத்து அங்கே வைக்கும்.

இனி அந்த வெள்ளம்.

மழைக்காலம். முந்தின நாள் முழுக்கக் கொட்டியது. பீடோர் மையம் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. விசாரித்தோம், தண்ணீர் ஏறவில்லை என்றார்கள். பீடோர் மையம் வழக்கம்போல் இயங்கும் என்று அறிவிப்புப் போட்டோம். மறுநாள் விடிந்தும் விடியாமல் பீடோரின் மூத்த தாதி சிஸ்டர் சரோஜா கூப்பிட்டார். ஆறு கரை தாண்டி, மையத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர். யந்திரங்களை மேசைமேல் தூக்கிக்கொண்டிருந்தார்கள். சிலிம் ரிவர் மையத்தில் பேசிவிட்டதாகவும், பீடோர் ஆட்களை அங்கே எடுத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார். கைப்பேசியில் முடிந்தவரை ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறார். பலர் எடுக்கவில்லை. தூரத்தில் இருப்பவர்கள் ஏற்கெனவே கிளம்பியிருப்பார்கள்.

நான் ஈப்போ புந்தோங்கில் என் வீட்டில் இருந்தேன். மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து எழுதினேன். எழுத என்ன இருக்கிறது, மூன்றே வரி: பீடோர் மையம் இன்று மூடப்பட்டுள்ளது, நோயாளிகள் சிலிம் ரிவர் மையத்துக்குச் செல்லவும், பீடோர் டவுனுக்குள் வரவேண்டாம். கெப்பாலாவை எழுதினேன். வழக்கம்போல் தேதி என்ற இடத்தில் அன்றைய தேதி. என் கணினியிலேயே ஒரு தடவை கட்டிப் பார்த்தேன். மூடப்பட்டுள்ளது என்று மேலே அழகாக வந்தது. அனுப்பினேன். சர்வர் பச்சை விளக்கைக் காட்டியது. பிழை ஏதும் இல்லை என்று பொருள்.

பக்கத்தைத் திறந்தேன். பீடோர் மையம் வழக்கம்போல் இயங்கும்.

மறுபடி திறந்தேன். கைப்பேசியில் திறந்தேன். அதே வரிதான். மறுபடி அனுப்பினேன், மறுபடி பச்சை, மறுபடி வழக்கம்போல். சிஸ்டர் சரோஜா திரும்பக் கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது. “மகேஸ், குரூப்ல நான் மூடியாச்சின்னு போட்டேன். யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. சைட்ல ஓப்பன்னு இருக்குன்னு எனக்கே படம் புடிச்சி அனுப்பறாங்க,” என்றார்.

நம்பாதே நம்பாதே என்று நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம். இப்போது தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு தாதி சொல்வது பொய்யாகவும், நாங்கள் முந்தின நாள் எழுதியது உண்மையாகவும் ஆகிவிட்டது.

வெய் லூன் அதற்குள் சிங்கப்பூருக்கு வேலை மாறிப் போயிருந்தார். கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மிஸ்டர் குலாவைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பதறவில்லை. ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு, தலையை வாசிக்கச் சொன்னார். எனக்குக் கத்தவேண்டும்போல இருந்தது. வீட்டுக்குள் இருக்கிறவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார் என்பதுகூட எனக்குத் தெரிந்தது. வாசித்தேன். தலைப்பு சரி. மொழி சரி. மையம் பீடோர். வரைவு இல்லை. எதுவரை, நாளைய தேதி. தேதி என்று தொடங்கினேன். கண் திரையின் ஓரத்தில் இருந்த கடிகாரத்துக்குப் போனது.

என் கணினியில் வருகிறது. சர்வரில் வரவில்லை. கோப்பு ஒன்றுதான், நிரல் ஒன்றுதான். என் கணினியின் கடிகாரம் ஈப்போ நேரம் காட்டுகிறது. சர்வரின் கடிகாரம் எந்த ஊருடையது?

“சார், அங்க இன்னும் நேத்துதான்,” என்றேன்.

சர்வரின் கடிகாரம் நம்மைவிட எட்டு மணிநேரம் பின்னால். இங்கே விடிகிறபோது அங்கே முந்தின நாள் இரவு. நான் போட்ட தேதி அதற்கு நாளைய தேதி. நாளைய தேதி போட்ட பக்கத்தை அது தப்பென்று சொல்லாது, நாளைக்கு வெளியிடலாம் என்று ஓசைப்படாமல் எடுத்து ஓரம் வைத்துவிடும். அதனால்தான் பச்சை விளக்கு. இத்தனை காலம் ஏன் நடக்கவில்லை? காலை எட்டு மணிக்கு மேல் அங்கேயும் தேதி மாறிவிடும். எங்கள் அலுவலகம் திறப்பதே அதற்குப் பிறகுதான். எட்டு மணிக்கு முன்னால் நாங்கள் ஒரு பக்கம்கூட வெளியிட்டதில்லை. அன்றுதான் முதல் தடவை.

நேற்றைய தேதியைப் போட்டுவிடுகிறேன், உடனே வந்துவிடும் என்றேன். விரல் விசைமேலேயே இருந்தது.

“வேண்டாம்,” என்றார். “நேற்று இயங்கும் எண்டு ஒண்டு போட்டிருக்கிறம். ரெண்டுக்கும் நேற்று எண்டு இருந்தால் எதை மேல வைக்கும்?”

எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நிரல்தான் ஊகிக்கும். அது சரியாகவே ஊகித்து மேலே வைத்தாலும், நேற்றைய தேதியோடு மூடப்பட்டுள்ளது என்று பார்க்கிறவர் பழைய அறிவிப்பு என்றுதானே நினைப்பார்? பழைய அறிவிப்பால் பட்டவர்கள் ஆயிற்றே. அழித்தேன். இன்றைய தேதி, பக்கத்தில் மணி, அதன் பின்னே கூட்டல்குறி போட்டு எட்டு. இது மலேசிய நேரம், உன் நேரம் இல்லை என்று அந்த யந்திரத்துக்குச் சொல்லும் குறி அது. ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் இருக்கிறதா என்று வாய்விட்டுப் படித்தேன். அவர் மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்தார். அனுப்பினேன். பச்சை விளக்கு வந்தது. நான் அதை நம்பவில்லை. பக்கத்தைத் திறந்தேன்.

பீடோர் மையம் இன்று மூடப்பட்டுள்ளது.

மிஸ்டர் குலாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். நல்லது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்று அவர் அலுவலகத்துக்கு வந்ததும் ஆணை போட்டார். மலேசிய நேரம் என்ற குறி இல்லாத தேதியோடு எந்தக் கோப்பும் போகக்கூடாது. எந்தப் பக்கத்தையாவது சர்வர் ஓரம் வைத்தால் பச்சை காட்டக்கூடாது, சிவப்புக் காட்ட வேண்டும். மத்தியானம் வெய் லூன் திரும்பக் கூப்பிட்டார். அங்கிருந்தபடியே அதை அமைத்துக் கொடுத்தார். இப்போது எடுக்கலாமா என்று கேட்கிறார்களே, அந்த விதி இதுதான்.

மறுநாள் நான் சிலிம் ரிவருக்குப் போனேன். இரண்டு மையத்து ஆட்களும் ஒரே இடத்தில். படுக்கைக்காக முறை வைத்து, இடைகழியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காத்திருந்தார்கள். அங்கே வேன் ஓட்டும் முனியாண்டியைப் பார்த்தேன். பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் நடுவே சுங்கை என்ற ஊருக்கு உள்ளே, ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டத்தில் இன்னும் சில குடும்பங்கள் பழைய லயத்து வீடுகளில் இருக்கின்றன. அங்கிருந்து நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு பீடோருக்குப் போய்வருகிறவர். வெள்ளத்தன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன்.

பெரிய ரோட்டுக்கு வந்து, பீடோர்ப் பக்கம் திரும்பி, பெட்ரோல் போடும் எண்ணெய் நிலையத்தில் நிறுத்தியிருக்கிறார். முன்னால் தண்ணீர் தெரிகிறது. லாரிகள் மட்டும் ஊர்ந்து போகின்றன. சிஸ்டரின் செய்தி குழுவில் இருக்கிறது. எங்கள் பக்கம் வேறு சொல்கிறது. லாரிக்குப் பின்னாலேயே போவதா, திரும்புவதா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

“எனக்குத் திரும்பிடலாம்னுதான் இருந்துச்சி அக்கா,” என்றார். “இந்தம்மாதான் விடல லா.”

அவர் காட்டிய இடத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பார்வதி என்று பெயர். ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு, கையில் ஊசி போடும் இடம் புடைத்திருந்தது. நான் யார் என்று முனியாண்டி சொன்னதும் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து எனக்கு இடம் விட்டார். ஏன் அம்மா திரும்ப விடவில்லை என்று கேட்டேன்.

“போன தடவ வாட்சப்ப நம்பித்தான் வீட்டுல இருந்தேன்,” என்றார். “நெஞ்செல்லாம் தண்ணி ஏறி, ஆஸ்பத்திரில மூச்சு வாங்க முடியாம கெடந்தேன். அதுக்கப்புறம் நீங்க எழுதறத மட்டுந்தான் பாக்கறது. நீங்க ஓப்பன்னு போட்டிருந்தீங்க. அதான் போப்பான்னு சொன்னேன்.”

அந்தப் பெண்மணி இவர்தான். அவர் குறையாகச் சொல்லவில்லை. கணக்குச் சரியாக வந்த ஒருவர் சொல்வதுபோலச் சொன்னார். முனியாண்டி வண்டியைக் கிளப்பப்போன நேரத்தில் பார்வதி அம்மாதான் கடைசியாக ஒரு தடவை பக்கத்தைத் திறந்திருக்கிறார். மூடப்பட்டுள்ளது என்று வந்திருக்கிறது. வண்டி அங்கேயே சிலிம் ரிவர் பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் பீடோர் ரோட்டையே மறித்துவிட்டார்களாம்.

நான் எழுந்தபோது பார்வதி அம்மா இன்னொன்று கேட்டார். மையம் திறந்திருக்கா மூடியிருக்கா என்று போடுகிறீர்கள், போகிற ரோடு எப்படி இருக்கிறது என்று ஏன் போடுவதில்லை? அது மட்டும் நேற்று எழுதியிருந்தால் அவரே வண்டியைத் திருப்பச் சொல்லியிருப்பாராம்.

ஈப்போவுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். சாயங்காலம் மிஸ்டர் குலாவின் அறைக்குப் போய்ச் சொன்னேன். ரோட்டை ஆர் பாக்கிறது என்று கேட்டார். நியாயமான கேள்வி. கெப்பாலாவில் ஒரு வரி கூட்டுவது எனக்கு ஒரு நிமிட வேலை. அந்த வரிக்கு எதிரே உண்மையை எழுத, தினமும் விடிகாலையில் ஒருவர் ரோட்டில் இருக்க வேண்டும். அவர் முன்னாலேயே முனியாண்டியைக் கூப்பிட்டேன். செமோர்ப் பக்கம் ஓட்டுகிறவரையும் கூப்பிட்டேன். வண்டி எடுத்ததும் ஒரு வரி அனுப்ப முடியுமா என்று கேட்டேன். இதுக்குப்போய் கேக்கணுமா அக்கா என்றார்கள் இருவரும். மிஸ்டர் குலா தலையாட்டினார். ரோட்டுக்கென்று ஒரு வரி கெப்பாலாவில் ஏறியது. அதற்கு இரண்டே விடைகள் உண்டு: திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது. வேறு எதை எழுதினாலும் சிவப்பு விளக்கு எரியும்படி வைத்தோம்.

பீடோர் மையத்தைக் கழுவிக் காயவைத்து, யந்திரங்களைச் சோதித்துத் திறக்கச் சில நாட்கள் ஆயின. திறக்கிற அன்று விடிகாலையில் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு காத்திருந்தேன். மையம் தயார் என்று சிஸ்டர் சரோஜா சொல்லிவிட்டார். ரோட்டு வரி மட்டும் காலியாக இருந்தது. முனியாண்டியிடமிருந்து செய்தி வந்தது.

“தண்ணி வடிஞ்சிருச்சி அக்கா. போலாம்.”

திறந்திருக்கிறது என்று எழுதி அனுப்பினேன். எட்டு மணி ஆக இன்னும் நேரம் இருந்தது. பக்கம் வந்துவிட்டது.